மாற்றக் கோரிக்கை எண் நான்கு

இது போன சித்திரையில் நடந்ததா, அதற்கு முந்திய சித்திரையிலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கமோடு வெள்ளை நிறம் என்றுதான் என் நினைவு. இளமஞ்சள் என்று சாதிப்பவர்களும் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்கள். கதவின் அடியில் அரைவட்டமாக ஒரு துண்டு அறுக்கப்பட்டது மட்டும் நிச்சயம். அந்தக் கதவு இன்னும் இருக்கிறது.

"நாலு நாள் வேலை சார்," என்றார் கொத்தனார் பிச்சமுத்து, கக்கூஸ் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தபடி. "பழசைப் பேத்து எடுக்க ஒரு நாள். குழாய்க்கு ஒரு நாள். கமோடு வெச்சு டைல்ஸ் ஒட்ட ஒரு நாள். காய ஒரு நாள்."

ஹரிஹரசுதன் சிரித்தான். விஷயம் தெரியாதவர்களைப் பார்த்து விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. அதை அவன் அண்மையில்தான் பழகியிருந்தான்.

"இருபத்தோரு நாள்," என்றான்.

"எதுக்கு சார்?"

"திட்டமிடலே ஏழு நாள் இருக்கு."

பிச்சமுத்து கக்கூஸை இன்னொரு தடவை பார்த்தார். நாலடிக்கு ஆறடி. முதல் தடவை பார்த்தபோது ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கீழ அடையவளஞ்சான் தெருவில் இருந்த அந்த வீட்டின் கீழ்ப்பகுதிக்கு அது ஒன்றுதான் கக்கூஸ். குந்தி உட்காருகிற வகை. ஹரிஹரசுதனின் அப்பா சின்னையா, லால்குடி பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகன் வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. எழுபத்து மூன்று வயது. முட்டி வலி. அன்று காலைதான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முட்டி மாற்று ஆபரேஷன், பிறகு பயிற்சி, இருபத்தோராம் நாள் வீடு. வந்த பிறகு குந்த முடியாது. அதற்குள் மேல்நாட்டுக் கமோடு தயாராக இருக்க வேண்டும்.

"இல்லேன்னா சொல்லிரு," என்று பாலக்கரையில் இருக்கிற அக்கா வள்ளிக்கண்ணு போனில் சொல்லியிருந்தாள். "அப்பாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன். நீ ஆரம்பிச்சதை எதை முடிச்சிருக்க?"

அது அவளுடைய வசனம் அல்ல. அப்பாவுடையது. முப்பது வருஷமாக அவர் சொல்லிவருவது. சொல்வதற்கு அவரிடம் சான்றுகளும் இருந்தன: கொல்லையில் பாதி எழும்பி நின்ற சுற்றுச்சுவர், ஒரு பக்கம் மட்டும் நீலம் பூசிய ஸ்கூட்டர், மூன்றாம் பாடத்தில் மூடிவைத்த இந்திப் புத்தகம், மீனே பார்க்காத மீன்தொட்டி. அவற்றின் பக்கமாக நடந்துபோகும்போது சின்னையா எதுவும் சொல்ல மாட்டார். சற்று நின்று பார்த்துவிட்டுப் போவார். திட்டினாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அப்படி நின்றால் என்ன சொல்வது?

இந்த முறை விடுவதாக இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் திட்ட மேலாண்மை வகுப்புக்குப் போய் வந்திருந்தான். தொடக்கம், திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணிப்பு, நிறைவு. ஒரு திட்டத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை நடத்திக் காட்டினால்தான் சான்றிதழ். கடவுளே பார்த்து அப்பாவின் முட்டியை அனுப்பிவைத்ததுபோல் இருந்தது.

முதல் நாள் தொடக்கக் கூட்டம். கொத்தனார் பிச்சமுத்து, சித்தாள் இருசம்மாள், பிளம்பர் மன்சூர் மூவரும் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் படம் ஓடியது. 'புராஜெக்ட் நாற்காலி' என்று தலைப்பு.

"இந்தத் திட்டத்துக்கு என்னென்ன ஆபத்து வரலாம்? யோசிச்சுச் சொல்லுங்க."

"மழை," என்றார் பிச்சமுத்து.

"கரண்ட் போகலாம் சார்," என்றார் மன்சூர்.

இருசம்மாள் வெகுநேரம் யோசித்தாள். "தேரு."

"என்னது?"

"வர்ற சனிக்கிழமை சித்திரைத் தேருங்க. உள்ள ஒரு வண்டியும் விட மாட்டாங்க."

"அது ஆபத்து இல்லம்மா. அது திருவிழா."

வகுப்பில் கொடுத்த பட்டியலில் இருந்தபடி நிலநடுக்கத்தைச் சேர்த்துக்கொண்டான். தேரைச் சேர்க்கவில்லை.

வண்ண வண்ணமான அட்டவணை ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. எட்டாம் நாள், பழைய கக்கூஸ் இடிப்பு, சிவப்பு. பன்னிரண்டாம் நாள் மாலை ஐந்து மணி, 'தந்தையைச் சந்தித்தல்', அரை மணி நேரம், இளஞ்சிவப்பு.

அவன் மனைவி ரஞ்சனி அதைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி இங்க தில்லைநகர்லதானே இருக்கு? இன்னைக்கே போனா என்ன?"

"எல்லாம் அவருக்காகத்தானே பண்றேன்? நடுவுல போனா வேலை கெடும்."

"எந்த வேலை?"

அவன் அட்டவணையைக் காட்டினான்.

இரண்டாம் நாள், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்த பிச்சமுத்து, கை சும்மா இருக்காமல் கக்கூஸ் கதவைக் கழற்றி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி திருப்பி மாட்டிவிட்டார். உள்பக்கம் திறந்தால் முட்டி ஆபரேஷன் ஆனவர் வாக்கரோடு நுழைய முடியாது என்பது அவர் எண்ணம். சரியான எண்ணம்தான்.

"யார் அனுமதி குடுத்தா?" என்றான் ஹரிஹரசுதன்.

"இதுக்கு என்னங்க அனுமதி? கதவுதானே?"

"இன்னைக்குக் கதவு. நாளைக்கு?"

பிச்சமுத்து மறுபடி திருப்புளியை எடுத்தார். கதவு மறுபடி உள்பக்கம் திரும்பியது. அன்றே ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஐம்பது படிவங்கள் எடுத்து வந்தான். 'மாற்றக் கோரிக்கை.' யாராக இருந்தாலும் இனி எந்த மாற்றத்தையும் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். வரிசை எண் உண்டு. சனிக்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் எண்படி எடுக்கப்படும். வாய்ப்பேச்சு செல்லாது.

முதல் கோரிக்கை இருசம்மாளுடையது, மன்சூர் எழுதிக் கொடுத்தது: டீயில் சர்க்கரை ஜாஸ்தி. இரண்டாவது மன்சூருடையது: கழிவு தரை வழியாகப் போகிற கமோடுதான் இங்கே சரிப்படும், சுவர் வழியாகப் போகிறதை வாங்கிவிட வேண்டாம். மூன்றாவது பிச்சமுத்துவுடையது: கதவு.

மூன்றாம் நாள் சாயங்காலம் மூவரையும் கொல்லையில் வரிசையாக நிற்கவைத்துத் தினசரிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ரஞ்சனி போனை மூடிக்கொண்டு வேகமாக வந்தாள். வாசலில் அம்மாசியின் ஆட்டோ காத்திருந்தது. தினமும் அவள் டிபன் கேரியரோடு மாமனாரைப் பார்க்கப் போகிற ஆட்டோ.

"ஏங்க, அக்கா போன் பண்ணினாங்க. டாக்டர்..."

ஹரிஹரசுதன் உள்ளங்கையை உயர்த்தினான். "கூட்டத்துல இருக்கேன். நம்ம திட்டம் சம்பந்தமா?"

"ஆமா. இந்தக் கக்கூஸ் விஷயமாத்தான்."

"ஏதாவது மாத்தணுமா?"

"எல்லாத்தையுமே மாத்தணும்."

"அப்ப ஃபாரம்."

"நான் உங்க பொண்டாட்டிங்க."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். இவங்க முன்னாடி உனக்கு மட்டும் சலுகை குடுத்தா நாளைக்கு என்னை யார் மதிப்பா?"

மூன்று பேரும் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள்.

ரஞ்சனி தபால் நிலையத்தில் கவுன்டரில் இருப்பவள். பதினாலு வருஷமாகப் பிறர் எழுதிக் கொடுத்ததை ஒரு வரி விடாமல் படித்தவள். எழுதிக் கொடுத்தால் படிப்பார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு உண்டு. வாசலுக்குப் போனாள். "அம்மாசி அண்ணே, பேனா இருக்கா?" ஆட்டோவின் முன்பக்கத்தில் வைத்து எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்.

ஹரிஹரசுதன் வாங்கிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"என்ன இது, பச்சை மை?"

"ஏன்?"

"பச்சை மையில கெசட்டட் ஆபீசர்தான் எழுதலாம். தபால் ஆபீஸ்ல இருக்க, இது தெரியாதா?"

"என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

"பார்ப்போம். எண் நாலு." 'பெறப்பட்டது' என்று நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஃபைலில் வைத்து மூடினான். "சனிக்கிழமை."

ரஞ்சனி கொஞ்ச நேரம் அந்த ஃபைலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதையும் இரண்டு தடவை சொல்கிறவள் அல்ல. ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை தேர். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் கால் வைக்க இடமில்லை. ஆய்வுக் கூட்டத்துக்கு யாராலும் வர முடியவில்லை. வந்தது கமோடு மட்டும்தான், அதுவும் தடுப்புவரை. கடை வண்டிக்காரர் போன் செய்தார்: "சார், போலீஸ் விடலை. இங்கேயே இறக்கிட்டேன். நான் வரேன்."

அம்மா மண்டபம் சாலையில், மோர்ப்பந்தலுக்குப் பக்கத்தில், கமோடு வெயிலில் தனியாக இருந்தது. நல்லவேளையாக இருசம்மாள் தேர் பார்க்க வந்திருந்தாள். சேலைத் தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டினாள், மேலே துண்டைப் போர்த்திக் கமோடைத் தூக்கித் தலையில் வைத்தாள், கூட்டத்துக்குள் புகுந்தாள். வெள்ளைத் துணி போர்த்திய ஏதோ ஒன்று தலையில் வருவதைப் பார்த்து ஜனங்கள் பயபக்தியோடு வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நான் முதல் நாளே சொன்னேங்களே, தேருன்னு," என்றாள், இறக்கிவைத்து.

"ஃபாரத்துல எழுதிக் குடுத்தியா?" என்றான் அவன்.

கமோடு சுவர் வழியாகக் கழிவு போகிற வகை. மன்சூரின் கோரிக்கை எண் இரண்டு ஃபைலில் பத்திரமாக இருந்தது.

எட்டாம் நாள் காலை பிச்சமுத்து கடப்பாரையோடு வந்தார். ரஞ்சனி கக்கூஸ் வாசலை மறித்து நின்றாள்.

"இதை இடிச்சுத்தான் ஆகணுமா?"

"அட்டவணையில இன்னைக்குத்தான்," என்றான் ஹரிஹரசுதன்.

"நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"வரிசையில இருக்கு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள். "நீங்க இடிங்க அண்ணே," என்றாள் பிச்சமுத்துவிடம், மிகவும் அமைதியாக. அந்த அமைதியைக் கேட்டு ஒரு புருஷன் பயந்திருக்க வேண்டும். அவன் அட்டவணையில் சிவப்புக் கட்டத்தை டிக் செய்துகொண்டிருந்தான்.

அன்றிலிருந்து கணவனும் மனைவியும் மாடிக் குடித்தனக்கார டீச்சர் வீட்டுக் கக்கூஸுக்குப் போகவேண்டி வந்தது. ஹரிஹரசுதன் அதற்கும் ஒரு நேர அட்டவணை போட்டு டீச்சர் வீட்டுக் கதவில் ஒட்டினான். டீச்சர் அதைக் கிழித்தாள். "எங்க வீட்டுக் கக்கூஸுக்கு எனக்கு ஆறே காலுக்குத்தான் டைமா? வாடகை குடுக்கிறது நானா, நீங்களா?" பதிமூன்றாம் நாள் ஆய்வுக் கூட்டம் முழுவதும் இந்தப் பஞ்சாயத்திலேயே போயிற்று. மிச்ச நேரத்தில் எண் ஒன்று எடுக்கப்பட்டது. டீயில் சர்க்கரையைக் குறைப்பது என்று ஏகமனதாக முடிவானது. "மத்தது அடுத்த வாரம்."

இதற்கிடையில் பன்னிரண்டாம் நாளின் 'தந்தையைச் சந்தித்தல்' பதினைந்துக்குத் தள்ளிப்போனது. பதினைந்தில் சிமெண்ட் வரவில்லை, பதினெட்டுக்குப் போனது. தினமும் இரவு ஒன்பதுக்கு அக்காவின் வாட்ஸ்அப்புக்கு நிலை அறிக்கை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. 'அப்பாவிடம் படித்துக் காட்டவும். 62 சதவீதம் நிறைவு.'

அக்கா கூப்பிட்டாள். "அறிக்கை எல்லாம் இருக்கட்டும்டா. நீ ஒரு தடவை வந்து பாரு."

"அப்பா எப்படி இருக்கார்?"

"வந்து பார்த்துத் தெரிஞ்சுக்கச் சொன்னார்."

"பதினெட்டாம் தேதி... இல்ல, பதினெட்டாம் நாள் வரேன்னு சொல்லு."

பதினெட்டாம் நாள்தான் கமோடு பொருந்தவில்லை என்பது தெரிந்தது. சுவர் வழியாகப் போகவேண்டியதைத் தரைக்குத் திருப்ப மன்சூர் பின்பக்கம் ஒரு வளைவுக் குழாய் போட்டார். அதனால் கமோடு முக்கால் அடி முன்னால் வந்தது. முன்னால் வந்ததால், உள்பக்கம் திறக்கிற கதவு கமோடில் இடித்துப் பாதியில் நின்றது. அந்த இடைவெளியில் ஒரு பூனை போகலாம்.

"கதவை வெளிப்பக்கம் திருப்பிடலாமா சார்?" என்றார் பிச்சமுத்து.

"அது உங்க கோரிக்கை எண் மூணு. இன்னும் எடுக்கலை."

"சரிங்க," என்றார் பிச்சமுத்து. ரம்பத்தை எடுத்தார். கமோடின் முகப்பு நுழைகிற அளவுக்குக் கதவின் அடியில் அரைவட்டமாக அறுத்தார். கதவு திறந்தது. மூடினால், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பாதம் இரண்டும் வெளியே இருப்பவருக்குத் தரிசனம் கொடுக்கும். "இதுக்கு ஃபாரம் வேணுமா சார்?"

"வேண்டாம். இது மாற்றம் இல்ல. இது சரிசெய்தல்."

இருபதாம் நாள் நிறைவுக் கூட்டம். நிலுவையில் உள்ள கோரிக்கைகள் எதுவும் இருக்கக் கூடாது என்பது பாடம். எனவே இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றின் மேல், திறந்து பார்க்காமலே, 'முடித்துவைக்கப்பட்டது' என்று எழுதினான். ஃபைலை மூடியபோது அவனுக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று முடிந்திருந்தது. நூறு சதவீதம். குறித்த நாளில்.

இருபத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு அம்மாசியின் ஆட்டோ வந்து நின்றது. ஹரிஹரசுதன் கக்கூஸ் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தான். வேலைக்காரர்கள் மூவரும் குளித்து வந்திருந்தார்கள். போட்டோ எடுக்க வேண்டும், சான்றிதழுக்கு.

சின்னையா இறங்கினார். யாரும் பிடிக்கவில்லை. வாக்கர் இல்லை. கைத்தடிகூட இல்லை. மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மெதுவாகத்தான், ஆனால் தானாகவே வாசற்படி ஏறினார்.

"பாத்தீங்களா!" என்று ஹரிஹரசுதன் எல்லாரையும் திரும்பிப் பார்த்தான். "இப்பல்லாம் மருத்துவம் எங்கேயோ போயிடுச்சு!"

ரஞ்சனி மாமனாருக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

அப்பா ரிப்பனை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். கமோடைப் பார்த்தார். கதவில் இருந்த அரைவட்டத்தைப் பார்த்தார். பாதிச் சுவரின் எதிரிலும் நீல ஸ்கூட்டரின் எதிரிலும் நிற்பாரே, அதே போல நின்றார்.

"பழசு எங்கடா?"

"இடிச்சாச்சுப்பா. எட்டாம் நாளே."

"எனக்கு இதுல உக்காந்தா வராதேடா."

"பழகிடும்பா. இந்தக் காலை வெச்சுக்கிட்டு இனிமே குந்த முடியுமா?"

சின்னையா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"முடிச்சுட்டடா," என்றார். "ஆரம்பிச்சதை முடிச்சுட்ட."

ஹரிஹரசுதன் முப்பது வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. அது காதில் விழுந்த சந்தோஷத்தில், அப்பா மஞ்சள் பையோடு திரும்பி நடந்ததையும், "அம்மாசி, பாலக்கரைக்கே விடுப்பா" என்று சொல்லி ஆட்டோவில் ஏறியதையும் அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

அதன் பிறகு என்னவாயிற்று என்றால், சின்னையா மகள் வீட்டிலேயே இருந்துவிட்டார், இன்றும் அங்கேதான். வள்ளிக்கண்ணு தம்பியைப் பற்றி இப்போது அந்தப் பழைய வசனத்தைச் சொல்வதில்லை. ஹரிஹரசுதனுக்குச் சான்றிதழ் வந்தது. குறித்த காலத்தில் முடிந்த திட்டம் என்று வகுப்பில் அவனைக் கைதட்டிப் பாராட்டினார்கள். மாடி டீச்சர் வீட்டைக் காலி செய்தாள். பிச்சமுத்து, மன்சூர், இருசம்மாள் மூவரும் அடுத்த தெருவில் இதே மாதிரி ஒரு வேலையை நாலு நாளில் முடித்தார்கள். ரஞ்சனி அந்தக் கோரிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை எழுதியாயிற்று.

அந்த இருபத்தோராம் நாள் மத்தியானம் சின்னையாவை இறக்கிவிட்டு, டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க அம்மாசி வந்தபோது ஹரிஹரசுதன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"என்ன மனுஷன் நீங்க? மூணு வாரத்துக்கு முன்னாடி ஆபரேஷன் ஆன காலுங்க. அவர் சொன்னாருன்னு பாலக்கரை வரைக்கும் குலுக்கி ஓட்டிட்டுப் போயிட்டீங்களே?"

அம்மாசி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஆபரேஷன் சார்? மூணாம் நாளே டாக்டர் முட்டி நல்லாத்தான் இருக்கு, மாத்திரை போதும்னு வீட்டுக்கு அனுப்பிட்டாரு, ஐயா பதினெட்டு நாளா பாலக்கரையிலதானே இருக்காரு. கக்கூஸை இடிச்சிராதீங்கன்னு அம்மா அன்னைக்கே உங்களுக்கு எழுதிக் குடுத்தாங்களே, அந்தப் பச்சைப் பேனாவே என்னோடதுதான் சார்."